தாணேயிலிருந்து வந்த மாமி

உலகத்தில் திருடன் என்று ஒருவன் இல்லாமல் போயிருந்தால் வேங்கடசுப்ரமணியனுக்குப் பொழுதே போயிருக்காது. மாதுங்காவில் இரண்டாம் மாடியில் குடித்தனம். கோட்டையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவன் வீட்டில் காணாமல் போன நகை, எரிந்துபோன கடை, முங்கிப்போன சரக்கு என்றே படித்துப் படித்து, பம்பாயில் இருக்கிற அத்தனை திருடனும் தன் பீரோவைத்தான் விசாரித்துக்கொண்டு அலைகிறான் என்கிற முடிவுக்கு வந்துவிட்ட மனிதர்.

அதிலும் பிள்ளையார் சதுர்த்தி மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டால் போச்சு. தீபாவளி கழிகிறவரை அவர் தொல்லை தாங்காது. மாடிப்படியில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை மடக்கிப் பிரசங்கம் பண்ணுவார்.

“பண்டிகை நாள்ல பால்காரன் வந்தாக்கூடக் கதவைப் பாதிதான் தொறக்கணும். யாரு, எங்கேர்ந்து வரேள், யாரைப் பார்க்கணும்னு கேட்டுண்டு அப்புறம்தான் உள்ளே விடணும். தெரிஞ்சுதா?”

தெரிந்தது, தெரிந்தது என்று தலையை ஆட்டிவிட்டு ஜனங்கள் தப்பி ஓடுவார்கள். கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் கைவண்டி போட்டுத் தேங்காயும் இளநீரும் விற்கும் பிரம்மநாயகத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரம்மநாயகம் தாராவிவாசி, திருநெல்வேலிக்காரர், கையும் தோளும் உருட்டுக்கட்டையாக இருப்பவர்.

“இதோ பாரும் பிரம்மநாயகம். கூட்டத்துல பொம்மனாட்டிகள் கையிலேர்ந்து பையைப் பிடுங்கிண்டு ஓடறவன் வருவான். யாரா இருந்தாலும் சரி, மொதல்ல கழுத்தைப் பிடியும். விசாரணையெல்லாம் அப்புறம்.”

“ஆட்டும் சாமி. நம்ம கண்ணுல மட்டும் பட்டாம்னா எலும்ப எண்ணிப்புடுவோம்லா” என்றார் பிரம்மநாயகம். வேங்கடசுப்ரமணியனுக்குப் பரம திருப்தி.

தானும் சும்மா இருக்க மாட்டார். ஆபீசுக்குக் கொண்டுபோகிற காக்கி கான்வாஸ் பையை லோக்கல் ரயிலில் இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பது ஒரு சகஸ்ரநாமப் புத்தகமும் ஒரு கைக்குட்டையும். பக்கத்தில் நின்ற மார்வாடி ஒருவர், குழந்தைக்கு ஜுரமா என்று இரக்கப்பட்டுக் கேட்டதாகக்கூட ஒரு கதை உண்டு.

இப்படிப்பட்டவருக்கு நவராத்திரி வந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கொலு வைத்த வீட்டில் சாயங்காலம் வாசற்கதவை மூடக்கூடாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு எந்த மாமி வந்து நின்றாலும் வாங்கோ என்று சொல்லி உட்காரவைத்து, பாடச் சொல்லி, சுண்டலும் தாம்பூலமும் கொடுத்து அனுப்ப வேண்டும். வந்த சுமங்கலியைப் பார்த்து நீ யாரென்று கேட்டால், அந்த வீட்டை மாதுங்கா முழுக்கச் சிரித்துத் தீர்த்துவிடும். வாசலைத் திறந்துபோட்டுவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வேறு கொடுக்கிற பண்டிகை. எந்தத் திருடன் கேட்டு இதை ஏற்பாடு பண்ணினானோ என்று அவருக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் எரிச்சலுக்குக் காரணமும் இருந்தது. மகள் விஜயலக்ஷ்மிக்குத் தாணேயில் இடம் நிச்சயமாகித் தை மாசத்தில் கல்யாணம். பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்ட மறு வருஷம் அது. பிள்ளையின் அம்மா நிச்சயதார்த்தத்தன்றே பட்டென்று சொல்லிவிட்டாள்.

“புதுசா எதுவும் பண்ண வேண்டாம். பதினாலு காரட்டைப் போட்டுண்டு வந்தா எங்க மனுஷா முன்னாடி எனக்குத்தான் அவமானம். மாமி கழுத்துல இருக்கே பழைய காசுமாலை, அது பொண்ணு கழுத்துல ஏறட்டும். அது போறும்.”

அந்த ஒரு காசுமாலையில் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. போனால் திரும்பச் செய்ய முடியாது, எந்த ஆசாரியும் தொடமாட்டான். மாலை போனால் சம்பந்தமும் போகும். பயம் பிடித்த மனிதருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? கொலு வைக்கப்போகிறோம் என்றதுமே தூக்கம் போய்விட்டது.

பீரோவில் வைக்கலாமா? திருடன் முதலில் உடைப்பதே பீரோவைத்தான். அரிசி டின்னுக்குள்? ஆபீசுக்கு வருகிற திருட்டு ஃபைல்களில் பாதியில் அரிசி டின்தான் வருகிறது. யோசித்து யோசித்து, முதல் நாள் படியில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. மேல்படியில் லக்ஷ்மி பொம்மை. கழுத்து நிறைய கில்ட்டு மாலைகள். அதோடு அதாக இதையும் போட்டுவிட்டால்? கண்ணெதிரே தொங்குகிறதைப் பார்த்து எந்தத் திருடனுக்குச் சந்தேகம் வரும்? பெண்டாட்டி ஷ்யாமளா சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, முக்காலி மேல் ஏறி மாட்டிவிட்டார். இறங்கி நின்று பார்த்தபோது தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை பிடிபடவில்லை.

அவளிடம் மூச்சு விடவில்லை. ரகசியம் என்பது இரண்டு பேருக்குத் தெரிந்தால் கெட்டுப்போகும் என்பது அவர் சித்தாந்தம். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, கொலு வைத்துவிட்டால் விஜயதசமி முடிகிறவரை படியிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. விரலை நீட்டினாலே ஷ்யாமளா கத்துவாள். மாட்டியது மாட்டியதுதான். அன்றிலிருந்து ஆபீஸ் விட்டதும் ஓடிவந்து, கொலுவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, லக்ஷ்மியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவுக்கு இந்த வருஷம் பக்தி முற்றிவிட்டது என்று கொலு பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அஷ்டமியன்றும் அப்படித்தான் ஓடிவந்தார். பையை ஆணியில் மாட்டினார். ஒரு வாரமாகப் பை என்னவோ கனத்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றிவிட்டு வேஷ்டியும் மேல்துண்டுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். விஜயலக்ஷ்மி சிநேகிதிகளோடு அடுத்த தெருக் கொலுக்களுக்குப் போயிருந்தாள்.

அப்போது வாசலில் ஒரு மாமி வந்து நின்றாள். மாம்பழக் கலரில் காஞ்சிபுரம், அரக்குக் கரை, மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி, தலை நிறையப் பூ. முன்னே பின்னே பார்த்த முகமில்லை.

“வாங்கோ, வாங்கோ. உட்காருங்கோ” என்று ஷ்யாமளா ஜமக்காளத்தைத் தட்டினாள். “மாமி எங்கேர்ந்து...?”

“தாணேலேர்ந்து” என்றாள் வந்தவள்.

அவ்வளவுதான். வேங்கடசுப்ரமணியன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். உங்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். எனக்கும் முதல் தடவை கேட்டபோதே புரிந்தது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த அந்த மகானுபாவனுக்குத்தான் புரியவில்லை. ஷ்யாமளாவைக் கண்ணால் ஜாடை காட்டி உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

“மாப்பிள்ளையோட அத்தை!” என்றார் கிசுகிசுவென்று.

“அவ அப்படிச் சொல்லலையே.”

“தாணேன்னாளோல்லியோ? மாப்பிள்ளைக்கு அங்கே அத்தைகள் ஒரு பட்டாளமே இருக்கா. நாம பாதிப்பேரைக்கூடப் பார்த்ததில்லை. கொலுன்னு சாக்கு வச்சுண்டு சொல்லாம கொள்ளாம வந்து ஆத்தைப் பார்த்துட்டுப் போவா. எல்லாரும் பண்றதுதான்.”

“யாருன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்கோளேன். நீங்கதானே மாடிப்படியில நின்னுண்டு தொண்டை கிழியக் கத்தினேள்?”

“அசடு! சம்பந்தியைப் பார்த்து நீ யாருன்னு கேட்டா கல்யாணம் அங்கேயே நின்னுடும். போய் நெய் விட்டுக் கேசரி கிளறு. நான் பார்த்துக்கறேன்.”

ஷ்யாமளா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இருபத்தைந்து வருஷமாக அவருக்குத் தெரியும், இருந்தாலும் தெரியாத மாதிரி கூடத்துக்கு வந்துவிட்டார்.

வந்தவள் கேட்காமலே பாடினாள். நல்ல சாரீரம், சும்மா சொல்லக்கூடாது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. பாட்டு முடிந்ததும் அவரே போய்க் காபி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். பெண்டாட்டிக்குக்கூட ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

“குழந்தை விஜயலக்ஷ்மி இதோ வந்துடுவா. ஆளனுப்பிக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம் மாமா. கல்யாணத்துல பார்த்துண்டாப் போச்சு” என்றாள் அவள். எப்படிப்பட்ட மூளை பாருங்கள். மனிதர் வழிகிற வழிசலிலேயே முழு விவரத்தையும் பிடித்துக்கொண்டுவிட்டாள். காபியைக் குடித்துக்கொண்டே கொலுவை மேலும் கீழும் பார்த்தவள், லக்ஷ்மியில் வந்து நின்றாள்.

“அம்பாள் கழுத்துல காசுமாலை அழகா இருக்கே. கில்ட்டா?”

எங்கே அடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்து அடித்தாள். தாணே முழுக்க இவர்கள் வீட்டில் கில்ட்டு என்று பரவினால் என்ன ஆவது? வேங்கடசுப்ரமணியனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கேசரி கிளறிக்கொண்டிருந்த பெண்டாட்டி காதில் விழாதபடி, “கில்ட்டா! மாமி கையாலேயே பாருங்கோ” என்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். விஜயதசமியாவது விதியாவது. செட்டியார் பொம்மை ஆடி, மரப்பாச்சி சரிந்து, மாலை கீழே வந்தது.

அவள் அதை உள்ளங்கையில் வாங்கி ஒரு தரம் ஏற்றி இறக்கினாள். கறிகாய்க்காரி கத்தரிக்காயைக் கையாலேயே நிறுப்பாளே, அந்த மாதிரி. முகத்தில் இருந்த ஆசை அப்படியே வடிந்துபோயிற்று.

“நல்ல முலாம் மாமா. பொம்மைக்குப் போறும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவர் கையில் வாங்கிப் பார்த்தார். நிஜந்தான். தக்கையாக இருந்தது. பின்பக்கம் பித்தளை இளித்தது. அசல் போய்விட்டது! யாரோ வந்து மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஐயோ என்று அலறத் தொண்டைவரைக்கும் வந்தது. அலறினால் எதிரே உட்கார்ந்திருக்கிற சம்பந்தி அத்தைக்குத் தெரிந்துபோகுமே!

“ஆமாமா, கில்ட்டுதான்... சும்மா... விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று அசடு வழிந்தார். கண்ணில் ஜலம் முட்டியது.

இவளை நல்லபடியாக அனுப்பிவிட்டுத்தான் அழ வேண்டும். வெள்ளிச் சிமிழ் இருந்த குங்குமத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தாம்பூலத் தட்டை எடுத்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, ஒரு பெரிய சுண்டல் பொட்டலம். இத்தனையையும் அத்தை கையில் எப்படித் தூக்கிக்கொண்டு போவாள்? சுற்றுமுற்றும் பார்த்தார். ஆணியில் தன் காக்கிப் பை. திரும்பி நின்று அதை எடுத்து, சகஸ்ரநாமத்தையும் கைக்குட்டையையும் வெளியே போட்டுவிட்டு, எல்லாவற்றையும் அதில் திணித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“பையைத் திருப்பித் தரணும்னு இல்லை. உங்க பைன்னே வச்சுக்கோங்கோ.”

“எதுக்கு மாமா சிரமம்” என்று வாங்கிக்கொண்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

கேசரிக் கிண்ணத்தோடு ஷ்யாமளா வந்தபோது, கில்ட்டு மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தார்.

“போச்சுடி! காசுமாலை போச்சு! நான்தான் லக்ஷ்மி கழுத்துல ஒளிச்சு வச்சேன். எவனோ மாத்திட்டான். விஜயலக்ஷ்மி வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்!”

“எவனும் மாத்தலை. நான்தான் மாத்தினேன்” என்றாள் ஷ்யாமளா. “மாதுங்கா மாமிகளுக்கு அசலும் கில்ட்டும் தெரியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? மொத நாள் ஆரத்தி எடுக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணாம் மாடி மாமி வந்து, என்ன ஷ்யாமளா, அம்பாளுக்கு அசல் போட்டிருக்கியேன்னு வாய் விட்டே கேட்டுட்டா. அப்புறமும் அங்கே விட்டு வைப்பாளா? அம்பாள்கிட்ட மன்னிப்புக் கேட்டுண்டு கழட்டிட்டேன்.”

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. “என் ராஜாத்தி! எங்கே வச்சிருக்கே?”

“எங்கே வச்சாலும் தோண்டி எடுத்து வேற எடத்துல வைப்பேள். அதான் உங்ககிட்டயே வச்சேன். நீங்க நெஞ்சோட கட்டிண்டு போறேளே ஆபீஸ் பை, அதைவிடப் பத்திரமான எடம் இந்தப் பம்பாயில ஏது? அடி அட்டைக்குக் கீழே வச்சு, உள்துணியைச் சேர்த்துத் தைச்சுட்டேன்.”

அவர் ஆணியைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது.

அடுத்து அவர் மாடிப்படியில் இறங்கினதைப் பார்த்தவர்கள் இறங்கினார் என்று சொல்லவில்லை, விழுந்தார் என்றுதான் சொன்னார்கள். சட்டை இல்லை, செருப்பு இல்லை, மேல்துண்டு பாதி வழியில் போயே போச்சு. தாணேக்குப் போகிறவள் ரயிலடிக்குத்தானே போவாள் என்று அந்தப் பக்கம் திரும்பினவர், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பஸ் ஸ்டாப்பில் மாம்பழக் கலர் தெரிந்ததும் அப்படியே வளைந்து ஓடினார். செம்பூர் பஸ்ஸுக்கு நிற்கிற கியூ அது. தாணேக்காரிக்குச் செம்பூர் பஸ் எதற்கு என்று யோசிக்கவெல்லாம் நேரமில்லை. பாய்ந்து பையின் காதைப் பிடித்து இழுத்தார்.

“மாமி, பை! பையைக் கொடுங்கோ!”

அவள் வீலென்றாள். “சோர்! சோர்!” திருடன், திருடன் என்று கியூ முழுக்கக் கத்தியது. அடுத்த நிமிஷம் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் கழுத்தை வளைத்தது.

“பொம்பள கையில இருந்து பையவா பிடுங்குத? மூதி! ஒன்னத்தாம்ல தேடிட்டு இருந்தேன்!”

பிரம்மநாயகம். முகத்தைத் திருப்பிப் பார்த்ததும் அவருக்கே திக்கென்றாகிவிட்டது. “சாமி! நீங்களா? நீங்கதான சொன்னீய, யாரா இருந்தாலும் மொதல்ல கழுத்தப் பிடின்னு!” என்றாரே தவிரப் பிடியைத் தளர்த்தவில்லை. சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்ட மனுஷன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஞ்சள் தொப்பி போலீஸ் ஹவல்தார் வந்தார். “க்யா லஃபடா ஹை?” என்ன கலாட்டா என்று அதட்டினார்.

அப்போதுதான் வேங்கடசுப்ரமணியன் பார்த்தார். இழுபறியில் அவள் புடவைத் தலைப்பு விலகி, இடுப்புச் செருகலிலிருந்து ஒரு வெள்ளிக் கிளி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஷ்யாமளாவின் குங்குமச் சிமிழ் மூடியில் இருக்கிற கிளி. பையை எடுக்க அவர் திரும்பி நின்ற சமயம் பறந்திருக்க வேண்டும். அத்தையுமில்லை, சொத்தையுமில்லை. தன் கையாலேயே காபி கொடுத்திருக்கிறார்.

திருடி என்று கத்த வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கத்தினால் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பையைக் கிழித்துப் பார்ப்பார்கள். காசுமாலை சாட்சிப் பொருளாகி உள்ளே போய்விடும். அப்படிப் போன நகைகளின் ஃபைலை அவர் ஆபீசில் தினம் புரட்டுகிறவர். இந்தத் தை இல்லை, எந்தத் தைக்கும் அது திரும்பி வராது.

அவளுக்கும் ஸ்டேஷன் பக்கம் போக ஆசையில்லை. சட்டென்று தலைப்பை இழுத்துக் கிளியை மூடினாள்.

“ஹவல்தார் சாப், சோட் தோ. யே ஹமாரா ரிஷ்தேதார் ஹை. தைலி பதல் கயா” என்றாள். விட்டுவிடணுமாம், சொந்தக்காரராம், பை மாறிப்போச்சாம்.

“ரிஷ்தேதார்?” என்று ஹவல்தார் அவரைப் பார்த்தார்.

“ஹாங், ஹாங். சம்பந்தி” என்றார் வேங்கடசுப்ரமணியன், பிரம்மநாயகத்தின் முழங்கைக்குள்ளிருந்து.

“தைலி மே க்யா ஹை?” பையில் என்ன என்றார்.

“நாரியல், பான்” என்றாள் அவள். தேங்காய், வெற்றிலை.

“நாரியல், பான்” என்றார் அவர்.

காட்டு என்று ஹவல்தார் தடியால் தட்டினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சுண்டல் பொட்டலம் வெளியே வந்ததும் ஹவல்தார் அதை வாங்கி மோந்து பார்த்து, அங்கேயே நின்று தின்ன ஆரம்பித்துவிட்டார். அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. காலிப் பை.

அதை அவரிடம் நீட்டப் போனவள் நிறுத்தினாள். உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் ஏற்றி இறக்கினாள்.

வேங்கடசுப்ரமணியன் அந்தக் கையையே பார்த்தார். அந்தக் கைக்கு எடை தெரியும். கொஞ்சம் முன்னால் அவர் வீட்டுக் கூடத்திலேயே அதைப் பார்த்துவிட்டார். அவள் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நடுவில் நின்று கடலையை மென்றுகொண்டிருந்த ஹவல்தாரைப் பார்த்தாள். ஈசுவரா, ஈசுவரா என்பதைத் தவிர அவருக்கு ஒரு நாமமும் ஞாபகம் வரவில்லை. சகஸ்ரநாமம் தினம் படிக்கிறவர்.

“காலிப் பை இவ்வளவு கனக்கப்படாது மாமா” என்றாள் மெதுவாக. “இது உங்க வேலை இல்லை. மாமியோட வேலை.”

அவர் தலையை ஆட்டினார். கழுத்து பிரம்மநாயகத்திடம் இருந்ததால் கொஞ்சம்தான் ஆடியது.

“மாமி கெட்டிக்காரி. இனிமே நீங்க எதையும் ஒளிச்சு வைக்காதேள். அவ வைக்கட்டும்.”

பையை அவர் கையில் வைத்தாள். வைத்த கையாலேயே தன் இடுப்பை ஒரு தட்டு தட்டினாள். சிமிழைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று அவருக்குப் புரிந்தது. கிளி போகட்டும், மகாலக்ஷ்மி வந்தால் போதும். பஸ் வந்தது. “வரட்டுமா சம்பந்தி?” என்று சொல்லிவிட்டு, தேங்காயும் தாம்பூலமுமாக ஏறிப் போய்விட்டாள்.

அவர் அந்தப் பையைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதார். பிரம்மநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்து, “கழுத்து ரொம்ப வலிக்கோ சாமி?” என்று கேட்டார்.

வீட்டில் ஷ்யாமளா பையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அவளும் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குங்குமத் தட்டு கண்ணில் பட்டது.

“சிமிழ் எங்கே?”

அவர் நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அம்மா கொடுத்த சிமிழ், கத்தத்தான் வேண்டும். அவள் கத்தவில்லை.

“என்னைக் கெட்டிக்காரின்னாளா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“இருபத்தஞ்சு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.”

அன்றைக்கே அவள் தையலைப் பிரித்து மாலையை வேறெங்கோ வைத்தாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தபோதெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டார். மாடிப்படிப் பிரசங்கமும் அதோடு நின்றது.

தை மாசத்தில் மாதுங்காவிலேயே கல்யாணம். காசுமாலை எங்கிருந்தோ வந்து விஜயலக்ஷ்மியின் கழுத்தில் ஏறியது. பிள்ளையின் அம்மா அதைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சிரித்தாள். தாணே அத்தைகள் பட்டாளமாக வந்து இறங்கினார்கள். ஊஞ்சலில் மூத்த அத்தை பாட ஆரம்பித்ததும் நாதஸ்வரக்காரர் எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டார். பாடி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் வேங்கடசுப்ரமணியனிடம் வந்தாள்.

“நவராத்திரிக்கு உங்காத்துக் கொலுவுக்கு வரணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன் மாமா. ஒழியவே இல்லை. தப்பா நினைச்சுக்கப்படாது.”

“அதனாலென்ன மாமி” என்றார் அவர். “நீங்க வராட்டா என்ன? தாணே அத்தைக்குச் செய்ய வேண்டிய மரியாதையெல்லாம் செஞ்சு, வெள்ளிச் சிமிழோட பஸ் ஏத்தி அனுப்பியாச்சு.”

அத்தை திருதிருவென்று விழித்தாள். பக்கத்தில் நின்ற ஷ்யாமளா அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, வந்த சிரிப்பைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.